துரும்பு கிள்ளிய வழக்கு

1

பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது சின்ன விஷயம்தான். "நீர் பினாங்கு கோர்ட்டில் துபாஷியாக இருக்கிறீர். விவாகரத்து எப்படிக் கிடைக்கும், எத்தனை நாளாகும், நல்ல வக்கீலை எப்படிப் பிடிப்பது என்று நம் வாசகர்கள் ஓயாமல் எழுதுகிறார்கள். பதில் எழுதி அனுப்பும்" என்று ஒரு கட்டுக் கடிதங்களைக் கப்பலேற்றிவிட்டார். பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசிப் பேர் 'என் சிநேகிதர் ஒருவருக்காகக் கேட்கிறேன்' என்று ஆரம்பித்திருந்தார்கள். இந்தச் சிநேகிதர்களுக்குத்தான் எத்தனை தொல்லை, பாவம்!

துபாஷி உத்தியோகம் என்பது தமிழில் சொன்னதை இங்கிலீஷிலும், இங்கிலீஷில் சொன்னதைத் தமிழிலும் உரக்கச் சொல்வது. சொந்தப் புத்தி கூடாது. அதனால் எனக்குப் பொருத்தமான வேலை. பதினோரு வருஷமாக நன்றாகவே செய்துவந்தேன். போன வாரம் முதல்முறையாக வாய் அடைத்துவிட்டது.

ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண் புருஷனிடம் ஜீவனாம்சம் கேட்டு வந்திருந்தாள். "இவளுக்கு ஊரிலே வேறே புருஷன் இருக்கான், இவ என் பெண்டாட்டியே இல்லை" என்றான் அவன். அந்தப் பெண்ணின் மாமன், செருப்பில்லாத கிழவர், சாட்சிக் கூண்டில் ஏறினார். "அந்தப் புருஷன் துரும்பு கிள்ளிப் போட்டுட்டானுங்க, தொரை. எங்க சனத்துல அதோட தீந்துது. எங்க ஆத்தாளே அப்படித் தீத்துட்டு வந்தவதானுங்க" என்று, இன்று வெயில் அதிகம் என்பதைப் போலச் சொன்னார். மாஜிஸ்திரேட் துரை என்னைப் பார்த்தார். நான் கிழவரைப் பார்த்தேன். சொல் வரவில்லை. சீனச் சேவகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்துவிட்டு ஒருவழியாக மொழிபெயர்த்தேன். துரை எழுதிக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

வாய் அடைத்த காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் என் தங்கை கோமதியின் வழக்கைச் சொல்ல வேண்டும். அவள் ஒரு புருஷனிடமிருந்து விடுபட்டு இன்னொருவரைக் கட்டிக்கொள்ளக் கேட்டாள். கிடைக்கவில்லை. கெடுத்தவன் நான். அவளிடமிருந்து ஒரு கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. அவள் பெற்ற பெண் அவளிடம் இருக்குமா, பறிபோகுமா என்பது அதில் இருக்கிறது. ஊரார் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்திருக்கிற நான் அதற்கு மட்டும் இன்னும் பதில் எழுதவில்லை.

2

கேள்வி: இந்துப் பெண் விவாகரத்துப் பெற முடியுமா?

சட்டப் புத்தகத்தில் இல்லை. புருஷன் இன்னும் நாலு பேரைக் கட்டிக்கொள்ளப் புத்தகம் தாராளமாக இடங்கொடுக்கிறது. பெண்டாட்டி விலகத்தான் இடமில்லை. மாற்ற வேண்டும் என்று பெரிய இடங்களில் பேசுகிறார்களாம், பேசட்டும். ஆனால் ஒரு சந்து உண்டு. ஜாதியில் பழைய வழக்கம் இருந்து, அதைச் சாட்சி வைத்து நிரூபித்தால் கோர்ட்டு ஒப்புக்கொள்ளும்.

எங்கள் ஜாதியில் அந்த வழக்கம் இருந்தது. பெரியவர்கள் நாலு பேர் முன்னால் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளிப் பெண்டாட்டி கையில் போடுவான். அத்துவிட்டாயிற்று. பிறகு அவள் வேறொருவரைக் கட்டிக்கொண்டால் அதற்கு அத்துக்கட்டுவது என்று பெயர். வக்கீல் வேண்டாம், ஸ்டாம்பு வேண்டாம், வாய்தா வேண்டாம். நெல் விளைகிற ஊரில் துரும்புக்கா பஞ்சம்?

கோமதியைத் தென்காசியிலிருந்து இலத்தூருக்குக் கொடுத்தோம். ஐந்து மைல் தூரம்தான். ஆனால் தென்காசி வெள்ளைக்காரன் சீமை, இலத்தூர் திருவிதாங்கூர் மகாராஜா சீமை. ஆகவே என் தங்கை அயல்நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். நான் கப்பலேறுவதற்கு முன்பே அவள் மாட்டு வண்டியில் சீமை கடந்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு வயல் உண்டு, தோப்பு உண்டு, பிள்ளைதான் இல்லை. மூன்று வருஷம் பார்த்துவிட்டு இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டார். இது நியாயமா என்று கோமதி கேட்டதற்கு, பெரியவர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுத் தன் முற்றத்திலேயே துரும்பைக் கிள்ளி அவள் கையில் போட்டு அனுப்பிவிட்டார். அவளும் அழவில்லை. வண்டியில் வரும்போது வண்டிக்காரரிடம் மாட்டை அடிக்காமல் ஓட்டச் சொன்னாளாம். அவ்வளவுதான்.

இரண்டு வருஷம் கழித்துக் குற்றாலத்து வேலாயுதம் வந்து பெண் கேட்டார். சாரலுக்கு வருகிறவர்களுக்கு வீடு வாடகைக்கு விட்டு, சமையலும் பார்த்துக் கொடுக்கிறவர். மனைவியை இழந்தவர். கோமதிக்கும் இஷ்டம். தேதி குறிக்கப் போகும் சமயத்தில் இலத்தூர்க்காரரிடமிருந்து நோட்டீஸ் வந்தது. 'எனது அன்பிற்குரிய தர்மபத்தினியை' வேறு யாரும் விவாகம் செய்தால் கிரிமினல் நடவடிக்கை எடுப்பேன் என்று. அட! இரண்டு வருஷமாக அவள் செத்தாளா பிழைத்தாளா என்று கேட்காத மனுஷனுக்கு, இன்னொருத்தன் கேட்டவுடன் அன்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. துரும்பா? எந்தத் துரும்பு? அவர் கிள்ளவே இல்லையாம்.

3

கேள்வி: நல்ல வக்கீலை எப்படித் தேர்ந்தெடுப்பது?

இதில் எனக்கு அனுபவம் உண்டு. அவர் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பார்க்காதீர்கள்.

ஆனி பிறந்து சாரல் விழுந்துவிட்டால் எங்கள் பக்கத்து வக்கீல்களைத் தென்காசியில் பிடிக்க முடியாது. குற்றாலத்தில் வீடெடுத்துத் தங்கிவிடுவார்கள். காலையில் எண்ணெய், அருவி, இட்லி. அதன்பின் கோர்ட்டு. கட்சிக்காரர்களும் அருவிக்கரைக்கே போவார்கள். கோமதி இலத்தூர்க்காரரின் மனைவி இல்லை என்று தீர்ப்பு வாங்க நாங்களும் போனோம். எங்கள் வக்கீல் பாறையில் குப்புறக் கிடந்தார். எண்ணெய் தேய்க்கிறவர் முதுகில் தட்டத் தட்ட, சட்டம் துண்டு துண்டாக வெளியே வந்தது. குமாஸ்தா ஒரு கையில் குடையும் ஒரு கையில் கட்டுமாக நின்றார். குடை கட்டுக்குத்தான், அவருக்கில்லை.

"எய்யா, அந்தத் துரும்ப... கிள்ளும்போது... ஆரெல்லாம் இருந்தா?"

"நாலு பேருய்யா. நாலு பேரும் இப்பம் மாப்பிள்ளை பக்கம் சாஞ்சிட்டாவ" என்றேன்.

"சாயட்டும். அத விடு. கேசு அதுல இல்ல." அவர் முகத்தைத் திருப்பினார். "உங்க சனத்துல அத்துவுடுத வழக்கம் உண்டும்னு மொதல்ல காட்டணும். ஒரு பொம்பளைய அத்துவுட்டு, அவ வேற ஒருத்தரக் கட்டி, பிள்ள பெத்து, ஊரு மதிக்கும்படியா இருக்கணும். அப்படி ஒருத்தி கூண்டுல ஏறிச் சொன்னா ஜெயிச்சாச்சு. ஆராவது உண்டுமா?"

நான் அருவியைப் பார்த்தேன். என் பின்னால் குடைக்குள் நின்ற கோமதி சொன்னாள்:

"எங்க அம்மையே இருக்காளே, ஐயா."

எண்ணெய் தேய்க்கிறவரின் கை நின்றது. வக்கீல் எழுந்து உட்கார்ந்தார். அவ்வளவு சந்தோஷம்! எங்கள் அம்மை உலகம்மாள் முதலில் ஆய்க்குடியில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர் துரும்பு கிள்ளினார். பிறகுதான் எங்கள் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். நானும் கோமதியும் பிறந்தோம். தென்காசியில் நாற்பது வயது தாண்டிய எல்லோருக்கும் இது தெரியும்.

"பொறவு என்னவே யோசிக்கீரு?" என்று வக்கீல் என் தோளில் எண்ணெய்க் கையால் தட்டினார். "சாட்சிய வீட்டுலயே வச்சுக்கிட்டு ஊரெல்லாம் தேடுதீரே! ஆச்சி வருவாவளா?"

"வருவா" என்றாள் கோமதி. என் சட்டையில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. அதைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

4

இங்கே பினாங்கில் இந்த மாதிரிச் சங்கடம் எதற்கும் யாரும் சட்டையைத் துடைப்பதில்லை. காலையில் சீனன் கடைக் காப்பி, எட்டரைக்கு டிராம், பத்து மணிக்குக் கோர்ட்டு. தினமும் நாலு பேருடைய குடும்பத்தை உரக்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிறேன். என் மகனுக்குத் தென்காசி என்றால் தபால் தலை. மகள் லலிதா சோறு போடு என்று சொல்வதில்லை, மலாயில் 'மக்கான்' என்கிறாள். அவள் அம்மா சிவகாமி "இது என்னட்டி மொழி, நாய் கொலைக்க மாதிரி?" என்று திட்டிக்கொண்டே போடுகிறாள். திட்டு மட்டும் தமிழில் இருப்பதால் அதையாவது பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

கோமதியின் கடிதம் வந்த அன்று லலிதா அதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "அப்பா, அத்தைக்கு ரெண்டு ஹஸ்பெண்டா?" என்று கேட்டாள். நான் திடுக்கிட்டேன். "எங்க ஸ்கூல் மிஸ்ஸுக்கும் ரெண்டு. மொதல் ஆள் வேண்டாம்னு விட்டுட்டாங்க" என்று ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொல்லிவிட்டு, ஜாம் எங்கே என்று கேட்டாள். பிள்ளைகள் கைவிட்டுப் போகிறார்களே என்று வருஷக்கணக்காகப் புலம்புகிறவன் நான். அன்றைக்கு மட்டும் அவள் இன்னும் கொஞ்ச தூரம் போகட்டும் என்று தோன்றியது.

இந்த உத்தியோகத்தில் சேரும்போது சத்தியப் பிரமாணம் செய்யவேண்டும். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் உள்ளபடி சொல்வேன் என்று. நான் கணீரென்று சொன்னேன். தலைமைக் குமாஸ்தா, "இதற்குமுன் கோர்ட்டில் சத்தியம் செய்து பழக்கம் உண்டா?" என்று விசாரித்தார். "ஒரு தடவை" என்றேன். நல்லது என்று எழுதிக்கொண்டார்.

5

கேள்வி: என்னென்ன சாட்சியம் தேவை?

உண்மை பேசுகிற ஆட்கள் தேவை. அவர்கள் புதிதாகக் கௌரவம் அடைந்தவர்களாக இருக்கக்கூடாது.

எங்கள் ஜனங்கள் இரண்டு தலைமுறையாக வயலில் கால் ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தவர்கள். நிமிர்ந்தவுடன் பக்கத்துப் பெரிய ஜாதிகளைப் பார்த்தோம். அவர்களிடம் இல்லாதது நம்மிடம் என்னென்ன இருக்கிறது என்று பார்த்து ஒவ்வொன்றாக விட்டோம். கருவாட்டை விட்டோம், அதாவது கொல்லைப்புறக் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். பிறகு ஒரு சங்கம் வைத்தோம். ஊரில் நான் ஒருவன்தான் ஹைஸ்கூல் தாண்டியவன், தாலுகா ஆபீஸில் நகல் எழுதுகிறவன். இருபத்துநாலு வயதில் என்னைக் காரியதரிசி ஆக்கிவிட்டார்கள். தலை கிறுகிறுத்துப் போனது.

அந்தக் கிறுகிறுப்பில், கோமதி வழக்குக்கு ஒரு வருஷம் முன்னால், நான் ஒரு தீர்மானம் எழுதினேன். 'அத்துக்கட்டுதல் என்னும் இழிவழக்கம் நமது குலத்தில் என்றும் இருந்ததில்லை. இருந்ததாகக் கூறுவோர் நம்மீது அழுக்காறு கொண்டோரே' என்று. மஞ்சள் காகிதத்தில் அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தோம். எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அம்மைக்கு வாசிக்கத் தெரியாது. மகன் பேர் அச்சில் இருக்கிறது என்று சொன்னவுடன் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

இதை வக்கீலிடம் சொல்லியிருக்க வேண்டாமா? சொல்லவில்லை. யார் அதை ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் எழுத்தை ஒருவரும் வாசிப்பதில்லை என்று அதற்கு முன்னும் பின்னும் நான் வருத்தப்பட்டதுண்டு. அந்த ஒரு தடவைதான் அதை நம்பி இருந்தேன்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. சங்கத்துப் பெரியவர்கள் ஒவ்வொருவராகப் பிரதிவாதி பக்கம் கூண்டில் ஏறினார்கள். எல்லோருக்கும் சரிகை அங்கவஸ்திரம். "அப்படி ஒரு வழக்கத்தக் காதால கேட்டதும் இல்ல எசமான்" என்றார் ஒருவர். ஆய்க்குடியில் என் அம்மை கையில் துரும்பைப் போடச் சொல்லித் தீர்ப்புச் சொன்னவரே அவர்தான். வெளியே வந்து என்னிடம், "ஏலே, ஓம் மானத்தக் காப்பாத்திட்டேன் பாத்தியா?" என்றார். தங்கையின் வழக்கைத் தோற்கடித்துவிட்டு என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். நானும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் பக்கத்தில் இரண்டே சாட்சிகள் மிஞ்சினோம். மாப்பிள்ளை துரும்பு கிள்ளியதை ஒப்புக்கொண்டு எனக்கு எழுதிய கடிதத்தைக் காட்ட முதலில் நான். வழக்கம் உண்டு என்று காட்ட அதன்பின் அம்மை. பெரியவர்கள் சாட்சி முடிந்ததும் எங்களைக் கூப்பிட முன்சீப் அனுமதி கொடுத்திருந்தார்.

6

அன்றைக்கு அம்மை காலையிலேயே குளித்து, திருநீறு பூசி, சுங்குடிச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் அவளையும் கோமதியையும் உட்கார வைத்துவிட்டு நான் உள்ளே போனேன்.

கடிதம் வரைக்கும் எல்லாம் சரியாக நடந்தது. குறுக்கு விசாரணைக்கு எதிர் வக்கீல் எழுந்தார். பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். மஞ்சள் காகிதம். தூரத்திலிருந்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தத் தீர்மானத்தை எழுதியது யார்?"

"நான்தான்."

"வாசியும்."

வாசித்தேன். 'அழுக்காறு கொண்டோரே' என்ற இடத்தில் முன்சீப் தலையைத் தூக்கிப் பார்த்தார். நடை பிடித்திருந்தது போலும்.

"இதில் உள்ளது உண்மையா, பொய்யா?"

முன் பெஞ்சியில் சரிகை அங்கவஸ்திரங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பொய் என்று சொன்னால் சங்கத்தின் காரியதரிசி பொய்யன். என் தாலுகா ஆபீஸ் சிநேகிதர்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்க்க வந்து வாசலில் நின்றார்கள்.

"உண்மை" என்றேன்.

"அப்படியானால் உம்முடைய தாயார், உம் தகப்பனாரைத் தவிர, அதற்குமுன் வேறு ஒருவருக்கு மனைவியாக இருந்ததுண்டா?"

எங்கள் வக்கீல் என்னைப் பார்த்தார். 'உண்டு' என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அதைச் சொன்னால் என் தங்கை அந்த மாதமே வேலாயுதத்தைக் கட்டிக்கொள்வாள். எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

"இல்லை" என்றேன்.

எங்கள் வக்கீல் பேனாவை மூடிச் சட்டையில் செருகினார்.

7

மரத்தடியில் அம்மை எழுந்து நின்றாள். "கூப்பிட்டாச்சா? நான் வரட்டா?"

வக்கீல்தான் சொன்னார். அவர் குரல் அருவிக்கரையில் கேட்ட குரலாக இல்லை. "ஆச்சி, ஒங்க மவன் அப்படி ஒண்ணும் நடக்கலன்னு சத்தியம் பண்ணிச் சொல்லிட்டான். இனி நீங்க ஏறி நடந்ததுன்னு சொன்னா, அவன் பொய்ச்சத்தியம் பண்ணினவன் ஆயிருவான். வேலை போயிரும். உள்ள தூக்கிப் போட்டாலும் போடுவாவ. சொன்னா இவ ஜெயிப்பா. சொல்லாட்டா அவன் தப்பிப்பான். ஒங்க இஷ்டம்."

அம்மை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தேவலை. ஒரு கணக்குப் புரியாத மாதிரி பார்த்தாள்.

"ஏலே, நான் செஞ்சது அம்புட்டு வெக்கக்கேடாலே?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான் ஏறுதேன்" என்றாள் அம்மை. "இவன் கெடக்கான். ஆம்பளைக்கு எங்கன போனாலும் பொழப்பு உண்டு. இவ வாழ்க்கை போயிருமே." சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படியேறிவிட்டாள்.

கோமதி ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "வேண்டாம் அம்மை. இறங்கு."

"விடுட்டி."

"அண்ணன் ஜெயிலுக்குப் போவான் அம்மை. அதுக்குப் பொறவு நான் தாலி கட்டிக்கிட்டு எப்படி இருக்க? ஒவ்வொரு நாளும் அதுதானே மூஞ்சில நிக்கும்? வேண்டாம். வீட்டுக்குப் போவோம்."

"நீ என்னட்டி செய்வே?"

"இருக்கேன். இம்புட்டு நாள் இருக்கலையா?"

அவள் வண்டியில் ஏறும்போது, "அண்ணே, நீ முன்னால உக்காரு, பின்னால சேறு தெறிக்கும்" என்று மட்டும் சொன்னாள். என்னைச் செருப்பால் அடித்திருக்கலாம். அடித்திருந்தால் நான் இன்று தென்காசியிலேயே இருந்திருப்பேன்.

வழக்கம் நிரூபிக்கப்படவில்லை, கோமதி இலத்தூர்க்காரரின் மனைவியே என்று தீர்ப்பானது. சங்கத்தில் எனக்கு மாலை போட்டார்கள். தெருவில் போனால் பெரியவர்கள் நின்று முதுகைத் தட்டினார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம், அந்தத் தட்டைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த மாதம் நாகப்பட்டினத்தில் கப்பலேறினேன். முன்னேறப் போகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

வேலாயுதம் ஆறு மாதம் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்தாராம். "கோர்ட்டு இல்லன்னுட்டு, சரி. நீ என்ன சொல்லுதே?" என்று கோமதியைக் கேட்டாராம். "வாரேன்" என்றாளாம். அம்மை முன்னால் நின்று குற்றாலத்து வீட்டில் தாலி கட்டிக்கொண்டார்கள். "கேசு போட்டு உள்ள வச்சா, சாரலுக்கு முன்னால வெளிய விட்டாப் போதும்" என்று வேலாயுதம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். இலத்தூர்க்காரர் கேஸ் போடவில்லை. சிரிக்கட்டும் ஊர் என்று விட்டுவிட்டார்.

8

கேள்வி: வழக்கு முடிய எத்தனை நாளாகும்?

எங்கள் வழக்கு பன்னிரண்டாவது வருஷத்தில் இருக்கிறது. கோமதி எழுதியதை அப்படியே தருகிறேன்.

'அண்ணனுக்குக் கோமதி எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். பிள்ளை உலகம்மைக்கு ஏழு வயது ஆகிறது. இலத்தூர்க்காரருக்கு அந்தப் பெண்டாட்டியிடமும் பிள்ளை இல்லை. இப்போது உலகம்மை தன் பிள்ளை, தன்னிடம் விட வேண்டும் என்று பிராது போட்டிருக்கிறார். சட்டப்படி நான் அவர் பெண்டாட்டியாம். ஆகையால் நான் பெற்றதும் அவருடையதாம். இவர் தகப்பனார் என்று சொல்லப் புத்தகத்தில் இடம் இல்லையாம். நம் பழைய வக்கீலைப் பார்த்தோம். போன வழக்கில் பிள்ளை கட்சிக்காரியாக இல்லை, அதனால் அவளுக்காக வழக்கத்தை மறுபடி நிரூபிக்கப் பார்க்கலாம், வீட்டு ஆள் சாட்சி வேண்டும் என்கிறார். அம்மைதான் போய்விட்டாளே. மிச்சம் நீ ஒருவன். உன்னை வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விஷயத்தைத் தெரிவித்தேன். பிள்ளை இரவில் என் சேலையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறாள். லலிதாவைக் கேட்டதாகச் சொல்லவும்.'

இதை வைத்துக்கொண்டு நான் இரண்டு வாரம் கணக்குப் பார்த்தேன். போய் உண்மையைச் சொன்னால், அன்றைக்குச் சொன்னது பொய் என்று ஆகும். பொய்ச்சத்தியம் செய்த துபாஷியை எந்தக் கோர்ட்டு வைத்துக்கொள்ளும்? கேஸ் வேறு போடலாம். பிள்ளைகள் படிப்பு என்னாவது? கணக்கு எப்படிப் போட்டாலும் எனக்குச் சாதகமாகவே வந்தது. கெட்டிக்காரக் கணக்கு.

அந்தத் தோட்டத்துக் கிழவர் சாட்சி சொன்ன அன்று சாயங்காலம் சிவகாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் தங்கை வழக்கில் தோற்றது அவளுக்குத் தெரியும். நான் தோற்கடித்தது தெரியாது. கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். பிறகு, "இத வயித்துக்குள்ள வச்சுக்கிட்டா இத்தன வருசம் நான் போட்ட சோத்தத் தின்னீரு?" என்றாள். இன்னும் கொஞ்சம் கழித்து, "வேலை போனாப் போவுது. எனக்கு இட்லி அவிக்கத் தெரியும். அந்தப் புள்ளையக் கொடுத்துட்டு நாம ரொட்டி திங்கவேண்டாம்" என்றாள்.

மறுநாள் லீவுக்கு மனுப் போட்டேன். பாரத்தில் காரணம் என்ற கட்டத்தில் நோய், கல்யாணம், மரணம் என்று மூன்றுதான் இருக்கிறது. மனுஷன் ஊருக்குப் போக வேறு காரணம் இருக்கும் என்று சர்க்காருக்குத் தோன்றவில்லை. மூன்றையும் அடித்துவிட்டுச் 'சாட்சி சொல்ல' என்று எழுதினேன். தலைமைக் குமாஸ்தா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "யாருக்கு எதிராக?" என்றார்.

"எனக்கு."

பாரத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். திரும்பி வரும்போது இந்த நாற்காலி இருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். தெரியும் என்றேன். வருகிற வியாழக்கிழமை கப்பல்.

ஆசிரியரே, நீர் கேட்ட கட்டுரை இதுவல்ல. வாசகர்களின் சிநேகிதர்களுக்கு இதில் ஒரு பிரயோஜனமும் இல்லாமல் போகலாம். ஆனால் வெட்டாமல் போடும். எனக்கு என்னைத் தெரியும். கூண்டில் ஏறி, முன் பெஞ்சியில் அங்கவஸ்திரங்களைப் பார்த்தால் மறுபடி நாக்குப் புரண்டாலும் புரளும். அதற்குமுன் உம்முடைய பத்திரிகை தென்காசியில் நாலு பேர் கைக்குப் போயிருக்க வேண்டும். எதிர் வக்கீல் தாராளமாக இதையும் பையில் வைத்திருந்து எடுத்து நீட்டட்டும், வாசிக்கச் சொல்லட்டும். வாசிக்கிறேன்.

என் பெயர் சங்கரலிங்கம். என் தாய் உலகம்மாள். அவளுக்கு முதலில் ஆய்க்குடியில் ஒரு புருஷன் இருந்தார். அவர் பெரியவர்கள் முன்னால் துரும்பைக் கிள்ளி அவள் கையில் போட்டார். அதன்பின் அவள் என் தகப்பனாரைக் கட்டிக்கொண்டு என்னையும் என் தங்கை கோமதியையும் பெற்றாள். இது எங்கள் ஜாதியில் எல்லோருக்கும் தெரிந்த, எல்லோரும் செய்த வழக்கம். முன்சீப் கோர்ட்டில் இல்லை என்று நான் சொன்னது பொய். இலத்தூர்க்காரரும் அதே மாதிரி என் தங்கை கையில் துரும்பைப் போட்டார். அன்றோடு அவர் அவளுக்குப் புருஷன் இல்லை. குற்றாலத்தில் வளரும் உலகம்மை என்ற ஏழு வயதுக் குழந்தை, வேலாயுதம் பெற்ற குழந்தை.